கட்டளைவரி மின்னஞ்சல் நிரலுக்கு அமைவுகளை வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மட் என்ற டெர்மினல் மின்னஞ்சல் நிரலை மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதினார். இன்று அதன் கையேட்டைப் புரட்டினால் அமைவு மாறிகள் (நிரல் எப்படி நடக்க வேண்டும் என்று பயனர் சொல்லும் தேர்வுகள்) மட்டும் முந்நூறுக்கு மேல் வரிசையாக நிற்கின்றன. எதுவும் வீணுக்குச் சேர்த்ததல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. எல்லாம் சேர்ந்தபின், புதிதாக வருபவர் முதல் மடலை அனுப்புவதற்குள் களைத்துப்போகிறார். ஒரு அமைவைச் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை. அதை எடுப்பதோ பத்தாண்டு ஆனாலும் முடியாமல் போகலாம், ஏனென்றால் எங்கோ ஒருவரின் கோப்பில் அந்த வரி இருந்துகொண்டே இருக்கும்.

உரைத்திருத்திக்கோ இசைநிரலுக்கோ அமைவு வடிவமைப்பதும் இதுவும் ஒன்றல்ல. மின்னஞ்சல் நிரலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று பார்க்கும் பக்கம்: பட்டியல், நிறம், வரிசை, வரி அகலம். இங்கே அமைவு தவறினால் திரை அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். மற்றது அனுப்பும் பக்கம்: யாருக்கு, யார் பெயரில், எந்த இணைப்போடு, எவ்வளவு பாதுகாப்பாக. இங்கே தவறினால் மடல் போய்விட்டது, திரும்ப வராது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த அமைவு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதுதான். (அமைவுப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.)

படி 1: அமைவே தேவையா என்று பாருங்கள்

ஒரு அமைவைச் சேர்க்குமுன் மூன்று சோதனைகள்.

நிரல் தானே கண்டுபிடிக்க முடியுமா? டெர்மினல் அகலம், நிறம் உண்டா இல்லையா, எழுத்துக் குறியாக்கம் எல்லாம் இந்த வகை. மட் இதில் நல்ல வழியைக் காட்டுகிறது. அனுப்பும் மடலுக்கான குறியாக்கத்தை அது யுஎஸ்-ஆஸ்கி, ஐஎஸ்ஓ-8859-1, யுடிஎஃப்-8 என்ற வரிசையில் முயன்று, மடல் முழுவதும் அடங்கும் முதல் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. மடலில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் யுடிஎஃப்-8 வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அந்த அமைவைத் தொடவே வேண்டியதில்லை.

விவரம் தெரிந்த இரண்டு பேர் நிரந்தரமாக வேறு வேறு பதில் சொல்வார்களா? புதிய மடல் மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பதில் சொல்வார்கள். அமைவு வையுங்கள். உங்களால் முடிவெடுக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அமைவு வைக்காதீர்கள்.

இது அமைவா, கட்டளையா? மெயில்எக்ஸ் என்ற யூனிக்ஸ் மின்னஞ்சல் நிரலில் பதில் எழுத இரண்டு கட்டளைகள் உண்டு: சிறிய ஆர், பெரிய ஆர். ஒன்று எல்லோருக்கும் போகும், மற்றது அனுப்பியவருக்கு மட்டும். இவற்றின் பொருளைத் தலைகீழாக்க ‘ஃப்ளிப்ஆர்’ என்று ஓர் அமைவும் வைத்தார்கள். அந்த அமைவு இல்லாத வேறொரு கணினியில் உட்கார்ந்தால், விரல் பழகிய விசையை அழுத்தும். ஒருவருக்கு மட்டும் எழுதியது எல்லோருக்கும் போய்ச் சேரும். அனுப்பும் பக்கத்தில் ஒரு கட்டளையின் பொருளை மாற்றும் அமைவு கூடவே கூடாது. ‘எல்லோருக்கும் பதில்’, ‘ஒருவருக்குப் பதில்’ என்று மாறாத பெயருள்ள இரண்டு கட்டளைகள் இருக்கட்டும். எந்த விசை எதற்கு என்பதை மட்டும் பயனர் மாற்றிக்கொள்ளட்டும். அனுப்புமுன் திரையில் எத்தனை பெறுநர் என்று காட்டிவிடுங்கள்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஆம்/இல்லை என்ற இரட்டை வகைதான் முதலில் கைக்கு வரும். அனுப்பும் பக்கத்துக்கு அது போதாது. மட் இதற்காக நான்கு மதிப்புள்ள வகை ஒன்றை வைத்திருக்கிறது: ஆம், இல்லை, கேள்-ஆம், கேள்-இல்லை. கடைசி இரண்டும் பயனரைக் கேட்கும். வேறுபாடு, வெறும் என்டர் தட்டினால் எது நடக்கும் என்பதில். நீக்கக் குறியிட்ட மடல்களை வெளியேறும்போது உண்மையில் நீக்கலாமா என்பதற்கு மட்டில் இயல்பு மதிப்பு (பயனர் எதுவும் எழுதாதபோது எடுத்துக்கொள்வது) கேள்-ஆம். அச்சிடலாமா என்பதற்குக் கேள்-இல்லை. கை தவறி அழுத்திய விசைக்கு நாற்பது தாள் வீணாக வேண்டாமே. இந்த நான்மதிப்பு வகையைத் திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் கேள்விகள் மலிந்து, பயனர் படிக்காமலே என்டர் தட்டப் பழகிவிடுவார். அப்புறம் கேட்டும் பயனில்லை.

இதில் பலர் மறக்கும் இடம் ஒன்று. நிரல் கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் ஏற்பாடு) வழியாகவோ பைப் (வேறொரு நிரலின் வெளியீட்டை உள்ளீடாக்குவது) வழியாகவோ ஓடும்போது கேட்க ஆள் இல்லை. உள்ளீடு டெர்மினல்தானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பார்க்கும் பக்கக் கேள்விக்கு என்டர் பதிலையே எடுத்துக்கொள்ளலாம். அனுப்பும் பக்கக் கேள்வி என்றால் மடலை வரைவாகச் சேமித்துப் பிழையோடு வெளியேற வேண்டும். பதில் வரும் வரை தொங்கிக்கொண்டு நிற்பது எல்லாவற்றிலும் மோசம்.

எண்களுக்கு அலகு வேண்டும். ‘60’ என்பது வினாடியா நிமிடமா என்று கையேட்டைத் தேட வைக்காதீர்கள். மதிப்போடு அலகைச் சேர்த்து எழுத வையுங்கள்; அலகில்லாத வெறும் எண்ணைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையையும் சொல்லுங்கள். ஐமேப் என்பது சர்வரிலுள்ள மடல்களைப் படிக்கும் நெறிமுறை; புதிய மடலுக்காகத் திறந்தே காத்திருக்கும் அதன் ஐடில் இணைப்பை 29 நிமிடத்துக்குள் ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 2177 என்ற இணையத் தர ஆவணம். ஆகவே அந்த இடைவெளிக்கு 40 நிமிடம் என்று ஒருவர் எழுதினால், இணைப்பு அறுந்த பிறகு அல்ல, கோப்பைப் படிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸுக்கு ஆம்/இல்லை வைப்பது பெரிய பிழை. ‘ஆம்’ என்றால் 465ஆம் போர்ட்டில் தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கமா, 587இல் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸா (வெறுமையாகத் தொடங்கிப் பின் மறைகுறியாக்கத்துக்கு மாறுவது), சர்வர் மறுத்தால் வெறுமையாகவே தொடரலாமா? மூன்றுக்கும் ஒரே சொல் ஆகாது. ‘நேரடி’, ‘ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டாயம்’, ‘வேண்டாம்’ என்று பட்டியலிட்ட மதிப்புகள் வையுங்கள். ‘கிடைத்தால் பயன்படுத்து’ என்ற மதிப்பைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நடுவில் இருப்பவர் ஸ்டார்ட்டிஎல்எஸ் அறிவிப்பை அழித்துவிட்டால் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 நேரடி டிஎல்எஸ்ஸைத்தான் பரிந்துரைக்கிறது. இயல்பு மதிப்பும் அதுவாகவே இருக்கட்டும்.

இன்னொரு பொறி: கையொப்பப் பிரிப்பான். இரண்டு சிறுகோடு, அதன்பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால்தான் எதிர்முனை நிரல் அதைக் கையொப்பமாக அறிந்து, பதிலில் வெட்டிவிடும். இதைச் சரமாக அமைவில் எழுத விட்டால், கோப்பைப் படிக்கும் பகுதி வரியின் கடைசி இடைவெளியை வெட்டும். பயனரின் எடிட்டரும் சேமிக்கும்போது வெட்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எனவே ‘பிரிப்பான் சேர்க்கவா’ என்ற ஆம்/இல்லை மட்டும் வையுங்கள். சரத்தை நிரலே எழுதட்டும்.

படி 3: பெயர்

குழு முன், பொருள் பின்: ஐமேப் தொடர்பானவை ஐமேப் என்றே தொடங்கட்டும், அகரவரிசையில் ஒன்றாக நிற்கும். எதிர்மறைப் பெயர் வேண்டாம். மட்டில் ‘அபார்ட்_நோஅட்டாச்’ என்று ஓர் அமைவு உண்டு: இணைப்பு இல்லாவிட்டால் அனுப்புவதை நிறுத்தவா என்று பொருள். அதற்கு ‘நோ’ என்று மதிப்புக் கொடுத்தால், இல்லாததற்கு நிறுத்துவது இல்லை என்றாகிறது. அனுப்பும் பக்கத்தில் இப்படித் தலையைச் சொறிய வைக்கக் கூடாது.

படி 4: கோப்பு வடிவம்

அமைவுக் கோப்பை எழுத ஜேசான், யாமல், ஐஎன்ஐ, டாமல் என்று சில வடிவங்கள் உண்டு. ஜேசானில் குறிப்புரை எழுத இடமில்லை. மனிதர் கையால் திருத்தும் கோப்புக்கு அது ஒத்துவராது. யாமல் 1.1இல் மேற்கோள் இல்லாத ‘நோ’ பொய் என்ற மதிப்பாக மாறிவிடும். நார்வே மொழிக் குறியீடும் ‘நோ’தான். ஐஎன்ஐ எளிது, ஆனால் அதற்குப் பொதுத் தரம் இல்லை. கடவுச்சொல்லில் ஹேஷ் குறி வந்தால் அதற்குப் பிந்தையதைக் குறிப்புரை என்று ஒரு நிரல் வெட்டும், மற்றொன்று வெட்டாது. டாமல் இவற்றைவிடக் கண்டிப்பானது. வகைகள் தெளிவு, பெரும்பாலான நூலகங்கள் பிழையில் வரி எண் தரும். புதிய நிரலுக்கு அதையே எடுங்கள்.

மட்டின் கோப்பு வேறு இனம். அது மதிப்புப் பட்டியல் அல்ல, கட்டளைகளின் வரிசை. பின்மேற்கோளுக்குள் ஷெல் கட்டளை எழுதினால் ஓடும். வல்லமை அதிகம், ஆனால் யாரிடமோ வாங்கிய கோப்பை அப்படியே போட்டுக்கொள்வது அவருடைய நிரலை ஓட்டுவதற்குச் சமம். கோப்பு தரவாகவே இருக்கட்டும், வெளிக்கட்டளை ஓட வேண்டிய இடங்களை மட்டும் தனி அமைவுகளாகக் கொடுங்கள்.

படி 5: எது எதை மீறும்?

கீழிருந்து மேலாக: நிரலில் எழுதிய இயல்பு மதிப்பு, கணினி முழுமைக்குமான கோப்பு, பயனர் கோப்பு, சூழல் மாறி, கட்டளைவரி. மேலுள்ளது கீழுள்ளதை மீறும். பயனர் கோப்பை எக்ஸ்டிஜி கான்ஃபிக் அடைவில் (பயனர் அமைவுகளுக்கென்று வழக்கமாக உள்ள இடம்) தேடுங்கள். எடிட்டருக்குப் புதுச் சூழல் மாறி கண்டுபிடிக்க வேண்டாம். ‘விஷுவல்’, ‘எடிட்டர்’ இரண்டும் ஏற்கெனவே உள்ளன. அவற்றை அந்த வரிசையில் பாருங்கள். நிறுவன நிர்வாகி பூட்டி வைக்க ஓர் அடுக்கு வேண்டுமென்றால், ஆல்பைன் என்ற மின்னஞ்சல் நிரல் செய்ததுபோல் மாற்ற முடியாத கோப்பு ஒன்றைத் தனியாக வைத்து, அதை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தலாம்.

இந்த வரிசையைவிட முக்கியம், அதைக் காட்டும் கட்டளை. மட்டில் பெரிய டி கொடியோடு (கட்டளைக்குப் பின் சேர்க்கும் தேர்வு) ஓட்டினால் எல்லா மதிப்பும் கொட்டும். அதற்கு ஒருபடி மேலே போய், ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று காட்டுங்கள். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலின் கான்ஃபிக் கட்டளை கோப்பின் பெயரைக் காட்டுவது இதற்கு நல்ல முன்மாதிரி. ‘மாற்றினேன், ஆனால் மாறவில்லை’ என்ற முறையீடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டளையில் தீரும். பயனர் கோப்பையும் கணினிக் கோப்பையும் தவிர்த்து ஓட்ட ஒரு கொடியும் வேண்டும். பிழை நிரலிலா கோப்பிலா என்று பிரிக்க வேறு வழியில்லை.

படி 6: கணக்கு, அடைவு, பெறுநர் என்று எல்லை பிரித்தல்

ஒரே ஒரு முகவரி வைத்திருப்பவர்கள் குறைவு. அலுவலகம், சொந்தம், ஏதோ ஒரு திட்டம் என்று மூன்றாவது இருக்கும். அமைவு இவற்றுக்கேற்ப மாற வேண்டும், மாறுவதில்தான் விபத்தும் நடக்கிறது.

மட் இதற்குக் கொக்கிகளைப் பயன்படுத்துகிறது. மடல் அடைவைத் திறக்கும்போது, மடல் எழுதும்போது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கொக்கி. பொருந்தினால் அதிலுள்ள கட்டளை ஓடி, மாறியின் மதிப்பை மாற்றும். சிக்கல் என்னவென்றால், மாற்றியது மாற்றியபடியே நிற்கும். அலுவலக முகவரிக்கு எழுதினால் அனுப்புநர் பெயர் அலுவலகப் பெயராகட்டும் என்று ஒரு கொக்கி எழுதுகிறீர்கள். அலுவலகத்துக்கு ஒரு மடல் போகிறது. அடுத்து நண்பருக்கு எழுதுகிறீர்கள். அதுவும் அலுவலக முகவரியிலிருந்தே போகும், யாரும் பழையபடி மாற்றவில்லையே. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பொதுக் கொக்கியை முதலில் எழுதி இயல்பு நிலைக்குத் திருப்புவதுதான் வழக்கமான மருந்து. கொக்கிகள் எழுதிய வரிசையில் ஓடுவதால் பொதுவானது முதலில் வர வேண்டும். கடைசியில் எழுதினால் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

புதிய நிரலில் இந்த நோயே வராமல் செய்யலாம். பொது மாறியில் எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை மதிப்பு வேண்டும்போதும், பெயரையும் அப்போதைய சூழலையும் கொடுத்துக் கணக்கிடும் ஒரு செயற்கூறு மட்டும் இருக்கட்டும். அது பெறுநர் விதி, அடைவு, கணக்கு, பொது என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைத்ததைத் தரும். சூழல் மாறினால் மதிப்பும் தானே மாறும். பழைய மதிப்பு தங்காது.

மீதமிருப்பது மோதல். ஒரே மடலில் அலுவலகத் தோழரும் வீட்டாரும் பெறுநர்கள். இரண்டு விதிகள் இரண்டு அனுப்புநர் முகவரி சொல்கின்றன. பார்க்கும் பக்க அமைவில் கோப்பில் பிந்தியது வெல்லும் என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் பக்கத்தில் நிரல் தானாக ஒன்றை எடுக்கக் கூடாது, கேட்க வேண்டும். எழுதி முடித்தபின் பெறுநரைத் திருத்தினால் விதிகளை மறுபடி ஓட்டவும் வேண்டும். மட்டில் இதற்கென்றே பின்னாளில் ‘செண்ட்2-ஹுக்’ என்ற தனிக் கொக்கியைச் சேர்த்தார்கள். ஆனால் பயனர் கையால் மாற்றிய தலைப்பு வரியை (அனுப்புநர், பெறுநர் போன்றவை) விதி தொடக் கூடாது. அதற்கு ஒவ்வொரு தலைப்பிலும் ‘கையால் மாற்றியது’ என்ற குறி ஒன்றை வைத்திருங்கள்.

படி 7: கடவுச்சொல்

பலர் தங்கள் அமைவுக் கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி வைப்பவர்கள். ஆகவே கடவுச்சொல் அந்தக் கோப்பில் இருக்கவே வேண்டியதில்லை என்று ஆக்குங்கள். மடல் அனுப்பும் நிரலான எம்எஸ்எம்டிபியில் ‘பாஸ்வேர்ட்இவால்’, மற்றொரு டெர்மினல் மின்னஞ்சல் நிரலான ஏர்க்கில் கணக்குக்கான சான்றுக் கட்டளை: இரண்டும் ஒரு வெளிக்கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டைக் கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்கின்றன. ஏர்க் கணக்குகளைத் தனிக் கோப்பிலேயே வைத்து, அதன் அனுமதி 600 (உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும்) ஆக இல்லாவிட்டால் தொடங்க மறுக்கும். நல்ல பிடிவாதம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கவனிக்க: வெளியீட்டின் கடைசியில் வரும் ஒரு புதுவரியை மட்டும் வெட்டுங்கள், மற்ற இடைவெளிகளைத் தொடாதீர்கள். அந்த வெளிக்கட்டளை மறைகுறியாக்க நிரலான ஜிபிஜி என்றால், அது டெர்மினலிலேயே கடவுத்தொடர் கேட்கக்கூடும். உங்கள் நிரல் முழுத்திரையைப் பிடித்திருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று எழுதித் திரை குழம்பும். கட்டளையை ஓட்டுமுன் திரையை விடுவித்து, முடிந்தபின் திரும்ப வரையுங்கள். கட்டளைவரிக் கொடியாகக் கடவுச்சொல் வாங்கக் கூடாது, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் கணினியிலுள்ள மற்றவர்களுக்கும் தெரியும். படி 5இல் சொன்ன மதிப்புக் கொட்டும் கட்டளை, ரகசியக் குறியுள்ளவற்றை மறைத்தே காட்டட்டும். பிழை அறிக்கையில் ஒட்டப்போவது அந்த வெளியீட்டைத்தான்.

படி 8: பிழைச் செய்தி

கோப்பின் பெயர், வரி எண், எழுதியது என்ன, எதிர்பார்த்தது என்ன. நான்கும் ஒரே வரியில். தெரியாத பெயர் என்றால், இரண்டு எழுத்துத் திருத்தத் தொலைவுக்குள் உள்ள சரியான பெயரைச் சொல்லுங்கள். முதல் பிழையோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஒரேமுறை காட்டுங்கள். பார்க்கும் பக்கப் பிழை என்றால் எச்சரித்து இயல்பு மதிப்போடு தொடரலாம். அனுப்பும் பக்கப் பிழை என்றால் படிக்க விடுங்கள், அனுப்ப விடாதீர்கள். ஸ்கிரிப்ட்டிலிருந்து ஓடினால் வெளியேறும் எண் 78. நிரல்கள் வெளியேறும் எண்களுக்கான சிஸ்எக்சிட்ஸ் மரபில் அமைவுப் பிழைக்கு உரிய எண் அது. கட்டளைவரியைத் தவறாக எழுதியதற்கு 64.

முழு எடுத்துக்காட்டு: இணைப்பை மறந்த மடல்

‘இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டு இணைக்க மறப்பது எல்லோருக்கும் நேர்வது. இதைத் தடுக்கும் அமைவை மேலே சொன்ன படிகளில் ஓட்டிப் பார்க்கலாம். நிரல் தானே தீர்மானிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். எனவே அமைவு வேண்டும். அனுப்பும் பக்கம், எனவே நான்மதிப்பு வகை. ‘இணைப்பு நினைவூட்டல்’ என்று நேர்மறைப் பெயர்.

இயல்பு மதிப்பு மட்டில் ‘இல்லை’. எங்கள் பரிந்துரை: நினைவூட்டியபின் என்டர் தட்டினால் மடல் போகாமல் எழுதும் திரைக்கே திரும்ப வேண்டும். பொய் எச்சரிக்கைக்கு ஒரு விசைதான் செலவு. தப்பிப்போன மடலுக்கு ஒரு மன்னிப்பு மடல்.

எந்தச் சொற்களைத் தேடுவது என்பதற்கு இரண்டாவது அமைவு, ஒரு ரெஜெக்ஸ் (உரையில் தேட வேண்டிய சொல்வடிவத்தைச் சொல்லும் குறிமுறை). இங்கேதான் தமிழ் பயனர் மாட்டுவார். ஆங்கிலத்துக்கு எழுதிய வடிவம் சொல்லின் இரு முனைகளிலும் எல்லைக் குறி வைத்துத் தேடும். தமிழில் ‘இணைப்பு’ தனியாக நிற்பது குறைவு: இணைப்பில், இணைப்பைப் பார்க்கவும், இணைத்துள்ளேன், இணைத்திருக்கிறேன். பின்முனை எல்லையை எடுத்துவிட்டு ‘இணை’ என்று மட்டும் தேடினால், இணையம், இணையதளம், இணைந்து எல்லாம் சிக்கி, பொய் எச்சரிக்கைகள் குவியும். ‘இணைப்ப’, ‘இணைத்த’ என்று வல்லெழுத்துவரை எழுதினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். உகரக் குறியும் இகரக் குறியும் தனிக் குறியீடுகள் என்பதால், ‘ப’ வரை எழுதினால் ‘இணைப்பு’, ‘இணைப்பில்’ இரண்டும் அகப்படும். ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்ற தொலைபேசிப் புலம்பலும் அகப்படும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் எல்லைக் குறியிலேயே இருக்கிறது. பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுதி தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாக எண்ணுவதில்லை. ஆகவே ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லுக்கு நடுவிலேயே அதற்குப் பல சொல்லெல்லைகள் தெரியும். உங்கள் எஞ்சின் எப்படி என்று ஒரு தமிழ் வரியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு ஆவணத்தில் எழுதுங்கள். மேற்கோள் காட்டிய வரிகளையும் கையொப்பத்துக்குக் கீழுள்ளதையும் தேடலில் சேர்க்காதீர்கள். மற்றவர் எழுதிய ‘இணைப்பு’ ஒவ்வொரு பதிலிலும் எச்சரிக்கை எழுப்பும்.

படி 9: பின்னாளில் மாற்றுவது

எல்லா அமைவையும் நிரலில் ஒரே அட்டவணையில் வையுங்கள்: பெயர், வகை, இயல்பு மதிப்பு, எல்லை, ரகசியமா, எந்தப் பதிப்பில் வந்தது, விளக்கம். கையேட்டை அந்த அட்டவணையிலிருந்தே உருவாக்குங்கள். மட் தன் மூலநிரலின் குறிப்புரைகளிலிருந்து கையேட்டின் மாறிப் பட்டியலை அப்படித்தான் எடுக்கிறது. கையேட்டைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தால், நிரலில் மாறிய மதிப்பு அதில் பழையபடியே கிடக்கும்.

பெயரை மாற்றினால் பழைய பெயரை மாற்றுப்பெயராக விட்டுவையுங்கள். மட் ‘பிரின்ட்_சிஎம்டி’யை ‘பிரின்ட்_கமாண்ட்’ ஆக்கியபோது பழையதையும் ஏற்றது. இரண்டும் ஒரே கோப்பில் வேறு மதிப்போடு இருந்தால் மட்டும் பிழை சொல்லுங்கள். இயல்பு மதிப்பை மாற்றுவது பெயர் மாற்றத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் கோப்பில் எதுவும் எழுதாதவர்களைத்தான் அது தொடும், அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. பார்க்கும் பக்கத்தில் அழகுக்காக மாற்றாதீர்கள். பாதுகாப்புக்காக என்றால் மாற்றத்தான் வேண்டும்: டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கும் அமைவை மட் 2.0 பதிப்பில், 2020இல், இயல்பாகவே ‘ஆம்’ ஆக்கினார்கள். இத்தகைய மாற்றத்தை முதன்மைப் பதிப்பு எண் மாறும்போது மட்டும் செய்து, வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இணைப்பு மறுக்கப்படும்போது வரும் பிழைச் செய்தியிலும் அந்த அமைவின் பெயரைச் சொல்லுங்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காதவர் அங்கேதான் அதை முதல்முறை பார்ப்பார்.